அரிசித் தட்டிலிருந்து எழுதுகோல் வரை

(நவராத்திரி விழாவின் ஏழாம் நாளன்று ஆலய மண்டபத்தில் பெற்றோருக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விசயதசமியன்று நம் ஆலயத்தில் எழுத்தறிவித்தல் நிகழ்ச்சி நடைபெறவுள்ளது. அதற்குப் பெயர் பதிந்துள்ள பெற்றோரிடம் சிறிது நேரம் பேசுமாறு செயலவையினர் என்னைப் பணித்தனர். நான் ஆசிரியர் அல்லேன். அரசாங்க அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிப்பவன். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்றவன் என்பதும், ஞாயிறுதோறும் நம் சமய வகுப்பில் சிறு பிள்ளைகளோடு தரையில் அமர்பவன் என்பதுமே இவ்வுரைக்கு நான் காட்டக்கூடிய தகுதி. வகுப்பில் கண்டவற்றையும், அவை ஏன் அவ்வாறு நிகழ்கின்றன என்று தேடிப் படித்து அறிந்தவற்றையும் உங்கள் முன் வைக்கின்றேன்.

விசயதசமியன்று குருக்கள் குழந்தையின் சுட்டுவிரலைப் பிடித்து அரிசியில் எழுத்தை வரைவிக்கிறார். குழந்தையும் அரிசியை அளைந்து மகிழ்கிறது. நாமும் படம் எடுத்து உறவினருக்கெல்லாம் அனுப்பி மகிழ்கிறோம். மறுநாள் காலையில் நடப்பது என்ன? கட்டம் போட்ட பயிற்சி நூலும் கூராகச் சீவிய பென்சிலும் மூன்றரை வயதுக் குழந்தையின் முன் வைக்கப்படுகின்றன. ஒரு பக்கம் முழுவதும் 'அ' எழுது என்கிறோம். அரிசியில் சிரித்த குழந்தை தாளில் அழுகிறது. அரிசியோடு தொடங்கியதை அரிசியோடே இன்னும் சில காலம் நடத்தக் கூடாதா என்பதுதான் உங்களிடம் நான் கேட்க வந்த கேள்வி. முதலில் செவி பழக வேண்டும்; அதனோடு கை பழக வேண்டும்; எழுதுகோலின் முறை அவ்விரண்டுக்கும் பின்னரே வருகிறது.

இதில் அவசரம் காட்டினால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று கேட்கலாம். எழுத்தைக் கண்டாலே முகம் சுருங்கும் பிள்ளையாக முதலாம் ஆண்டு வகுப்பில் போய் அமர்ந்தால், அங்கே தமிழோடு மலாயும் ஆங்கிலமும் ஒருங்கே வந்து நிற்கின்றன. மூன்றில் எது சுமையாகத் தோன்றுகிறதோ அதைக் குறைப்பதே பெற்றோருக்கு எளிய வழியாகப் படுகிறது. "தமிழ் இவனுக்கு வரவில்லை" என்னும் சொல் வீட்டில் பிறக்கிறது. அதன் பின்னர் வேறு பள்ளி பற்றிய பேச்சு எழுகிறது. பினாங்கில் 1816ஆம் ஆண்டு தொடங்கியது இந்நாட்டுத் தமிழ்க்கல்வி. இருநூறு ஆண்டுகளைக் கடந்து வந்த அது, ஒரு குடும்பத்தில் ஒரு பயிற்சி நூலால் முடிந்து போவதைக் காண மனம் வருந்துகிறது.

முதலில் செவியைப் பற்றிக் கூறுகிறேன். சென்ற ஆண்டு நம் வகுப்பிற்கு வந்த ஒரு சிறுமிக்கு ஐந்து வயது நிரம்பவில்லை. 12 உயிரும் 18 மெய்யும் 216 உயிர்மெய்யும் ஆய்தமும் ஆக 247 எழுத்துகளையும் தங்குதடையின்றி ஒப்பித்தாள். அனைவரும் கைதட்டினோம். பின்னர், "மயில் என்னும் சொல் எந்த ஒலியில் தொடங்குகிறது, அம்மா?" என்று கேட்டேன். "அ" என்றாள். பட்டியலின் தலையில் நிற்பது 'அ' ஆகையால், தொடக்கம் என்றால் 'அ' என்பது அக்குழந்தையின் கணக்கு. எழுத்துகளின் வரிசையை அவள் பாட்டாக அறிந்திருந்தாள். தான் பேசும் சொற்களுக்குள் அவ்வொலிகளே இருக்கின்றன என்பதை அவளுக்கு எவரும் காட்டவில்லை.

சொல்லைக் காதால் உடைத்துப் பார்க்கும் இத்திறனே வாசிப்பின் அடித்தளம். இதற்கு நூலும் வேண்டாம், பலகையும் வேண்டாம். முருகா என்று கூறி மூன்று முறை கை தட்டலாம்: மு, ரு, கா. விநாயகா என்றால் நான்கு தட்டு. அரோகரா என்பதற்கும் நான்கு. சந்நிதியில் நிற்கும்போதே கேட்கலாம்: மணி, மயில், மாலை இம்மூன்றும் எந்த ஒலியில் தொடங்குகின்றன? வேல், வாழை, விளக்கு, விபூதி? தேர், தீபம், தேங்காய், தட்டு? ஆலயத்தை ஒருமுறை வலம் வருவதற்குள் பத்துச் சொற்கள் கிடைத்துவிடும். குழந்தை வியந்து, தானே வேறு சொற்களைத் தேடத் தொடங்கும். அந்தத் தேடல் தொடங்கிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அடுத்து, குறில் நெடில். கல் வேறு, கால் வேறு. விடு வேறு, வீடு வேறு. குடை வேறு, கூடை வேறு. கொடு வேறு, கோடு வேறு. மலாய்மொழியில் உயிரொலியின் நீளம் பொருளை மாற்றுவதில்லை. ஆகவே மலாயையும் ஆங்கிலத்தையுமே மிகுதியாகக் கேட்டு வளரும் பிள்ளைக்கு இவ்வேறுபாடு தானாகக் காதில் விழாது. தொல்காப்பியர் மாத்திரையின் அளவைக் கூறும்போது, கண் இமைக்கும் பொழுதையும் கை நொடிக்கும் பொழுதையும் அளவாகக் கூறினார். குறிலுக்கு ஒரு நொடிப்பு, நெடிலுக்கு இரண்டு. விரலைச் சொடுக்கத் தெரியாத சிறு குழந்தை தொடையில் தட்டலாம். விடு: தட்டு, தட்டு. வீடு: தட்டு தட்டு, தட்டு. செவியும் கையும் ஒருங்கே பழகும் பயிற்சி நம் இலக்கணத்தின் முதற் பகுதியிலேயே இருக்க, நாம் அதைக் கடைகளில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

மெய்யொலியைக் கற்பிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. நாம் மெய்யெழுத்துகளை இக், இங், இச் என்று சொல்லிப் பழக்குகிறோம். பின்னர், இக்கும் அவும் சேர்ந்தால் என்ன என்று கேட்கிறோம். குழந்தை நேர்மையாக 'இக்க' என்கிறது. அதன் செவி பிழை செய்யவில்லை. முன்னே ஒட்டியிருக்கும் இகரம் பெயருக்காக வந்ததே அன்றி ஒலிக்கு உரியது அன்று. இதற்கு நம் முன்னோர் வகுத்த இனப் பிரிவே துணை செய்கிறது. மெல்லினத்தையும் இடையினத்தையும் நீட்டி ஒலிக்க முடியும். 'ம்ம்ம்' என்று வாய்மூடி நீட்டிக்கொண்டே வந்து 'ஆ' என்று வாய் திறந்தால் 'மா' தானே பிறக்கிறது. க், ட், ப் முதலிய வல்லினத்தை அவ்வாறு நீட்ட இயலாது. ஆகவே ஒலி கூட்டும் விளையாட்டை ம, ன, ல ஆகியவற்றில் தொடங்கி, வல்லினத்திற்குப் பின்னர் வருவது நலம். பகரமும் மகரமும் இதழ் பொருந்தப் பிறப்பவை என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் கூறுகிறது. கண்ணாடியின் முன் குழந்தையை நிறுத்தி உதட்டைப் பார்க்கச் சொன்னால் அதுவே கண்டுகொள்ளும்.

ஆங்கில ஒலிப்பு முறையில் பயின்ற பெற்றோர் சிலர், "பகரத்திற்கு ஒலி ஒன்றா, இரண்டா?" என்று என்னைக் கேட்டதுண்டு. நல்ல கேள்வி. பல் என்பதில் ஒருவகை, பம்பரம் என்பதன் நடுவில் வேறுவகை. கல்லில் உள்ள ககரம் தங்கத்தில் மெலிகிறது; மகனில் இன்னும் மெலிகிறது. எழுத்து ஒன்றே; நிற்கும் இடம் ஒலியை மாற்றுகிறது. தமிழைக் கேட்டு வளர்ந்த குழந்தைக்கு இதைக் கற்பிக்கவே வேண்டுவதில்லை. நாக்கு தானே திரும்பிக்கொள்ளும். கேளாத குழந்தைக்கோ ஒவ்வொரு சொல்லும் விதிவிலக்காகத் தோன்றும். தமிழில் ஒலிப்பயிற்சி என்பது வீட்டுப் பேச்சின் மேல் கட்டப்படும் மாடி. அடித்தளம் இல்லாத மாடியை எந்த ஆசிரியராலும் எழுப்ப முடியாது.

இங்கே ஓர் ஆய்வைக் குறிப்பிட விரும்புகிறேன். ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்னும் இருவர் 1984ஆம் ஆண்டு வெளியிட்டது. ஆங்கிலம் பேசும் கனடிய வீடுகளில் வளரும் கைக்குழந்தைகளுக்கு இந்தி மொழியின் இரண்டு ஒலிகளைக் கேட்கச் செய்தனர். நம் தகர, டகரங்களைப் போல, ஒன்று பல்லைத் தொட்டுப் பிறப்பது. மற்றொன்று நா மேல்நோக்கி மடங்கிப் பிறப்பது. ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் இவ்வேறுபாட்டை நன்கு உணர்ந்தன. பத்து முதல் பன்னிரண்டு மாதத்தை எட்டிய குழந்தைகளில் பெரும்பாலானவற்றால் உணர இயலவில்லை. தம் வீட்டில் பயன்படாத வேறுபாட்டைச் செவி ஓராண்டிற்குள் கைவிடத் தொடங்குகிறது. பிறகு மீட்க முடியாது என்று அஞ்ச வேண்டியதில்லை, பயிற்சியால் மீட்கலாம். ஆயினும் வலி, வழி. பல்லி, பள்ளி என்னும் வேறுபாடுகளைத் தொட்டில் பருவத்தில் இலவசமாகப் பெறுவதற்கும், ஏழு வயதில் பிரத்தியேக வகுப்புக்குப் பணம் கட்டிப் பெறுவதற்கும் உள்ள தொலைவை எண்ணிப் பாருங்கள். வீட்டில் ஒரு பாட்டி இருந்தால், அவரைத் தொலைக்காட்சியின் முன் அமர்த்திவிட்டுக் குழந்தையைக் கைப்பேசியின் முன் அமர்த்தாதீர்கள். இருவரையும் ஒரே பாயில் அமர்த்துங்கள்.

இனிக் கையைப் பற்றிப் பேசுவோம். மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் உள்ளன. பிறக்கும்போது அவை குருத்தெலும்பாகவே இருக்கின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல ஒவ்வொன்றாக எலும்பாகின்றன. எட்டாவது எலும்பு உருப்பெற எட்டு வயதிற்கு மேலும் ஆகலாம். கண் பார்த்ததைக் கை வரைவதற்கும் ஒரு படிநிலை உண்டு. ஏறத்தாழ இரண்டு வயதில் நேர்க்கோடு, மூன்று வயதில் வட்டம், நான்கு வயதில் கூட்டல் குறி, அதன் பின்னர் சதுரம், ஐந்து வயதையொட்டி முக்கோணம் என்று குழந்தைகள் வளர்கின்றனர். சிலர் முந்தலாம், சிலர் பிந்தலாம். இப்போது நம் அகரத்தைப் பாருங்கள். சுழி, வளைவு, குறுக்குக்கோடு, நேர்க்கோடு என அனைத்தும் அதில் இருக்கின்றன. இகரமோ அதனினும் கடினம். வட்டம் மட்டுமே வரைய வல்ல மூன்று வயதுக் கையிடம் இதைக் கேட்பது, நடக்கப் பழகும் குழந்தையைக் காவடி தூக்கச் சொல்வதற்கு ஒப்பாகும்.

கோட்டைக் கொண்டு பார்த்தால் எளிய எழுத்து டகரம். மேலிருந்து கீழே ஒரு கோடு. இடமிருந்து வலமாக ஒரு கோடு. அதன் வலப்புறத்தில் மேல்நோக்கி ஒரு கோடு சேர்ந்தால் பகரம். அதற்குள் ஒரு வளைவு சேர்ந்தால் மகரம். இம்மூன்றும் புள்ளியும் தெரிந்தால் படம், மடம், பட்டம், மட்டம் ஆகிய சொற்களை வாசிக்கலாம். ஒரு கால் சேர்த்தால் பாடம், மாடம், மாமா, பாப்பா, டப்பா ஆகியன கிடைக்கின்றன. ஓதுவதற்கு அகர வரிசை இருக்கட்டும். அது நம் மரபு. விசயதசமியன்று முதலெழுத்தாக அகரத்தையே எழுதட்டும். அடுத்தடுத்த மாதங்களில் கை பழகுவதற்கு மட்டும் எளிய வடிவத்தை முன்வைக்கலாம் என்பது என் கருத்து.

கை பழகுவதற்கு விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருள் எதுவும் இல்லை. நம் ஆலயமே ஒரு கைப்பயிற்சிக் கூடம். திருநீற்றை எடுக்கும்போது கட்டைவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் ஒன்றுகூடுகின்றன. எழுதுகோலைப் பிடிப்பதும் இம்மூன்று விரல்களே. பஞ்சைக் கிள்ளித் திரி திரிப்பதைப் போன்ற விரற்பயிற்சி வேறில்லை. நான்கு வயதுக் குழந்தை ஒரு மாலைப்பொழுதில் ஐந்தாறு திரி திரித்துவிடும். அவை ஒழுங்காக இராவிட்டாலும் விளக்கு எரியும். தோரணத்திற்குக் குருத்தோலை கிழித்தல், கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்து பிடித்தல், கீரை ஆய்தல், தவுகேயின் வால் கிள்ளுதல், துணிக் கிளிப்புகளை அழுத்திக் கயிற்றில் மாட்டுதல் ஆகிய அனைத்தும் விரலுக்கு வலுவூட்டுவன. செவ்வந்தியை மழுங்கிய பெரிய ஊசியால் கோக்கச் செய்யலாம். ஆயின் அரளிப்பூவைக் குழந்தைகளிடம் தர வேண்டாம். அச்செடி முழுவதும் நச்சுத்தன்மை உடையது. வாயில் போடும் வயதுக் குழந்தையின் அருகில் மணிகளும் சிறு கற்களும் கிடக்கக் கூடாது.

கோலத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். வரிசைக்கு மூன்றாக மூன்று வரிசைப் புள்ளி வைத்து, புள்ளியைத் தொடாமல் அதைச் சுற்றி வளைத்து வருவதற்குக் கண் முன்னே செல்ல வேண்டும். கை அதைப் பின்தொடர வேண்டும். தமிழ் எழுத்தின் சுழிகளும் வளைவுகளும் அந்த அசைவிலேயே அடங்கியிருக்கின்றன. முதலில் புள்ளிகளை நேர்க்கோட்டால் இணைக்கட்டும். வளைப்பது பின்னர் வரும். அடுக்குமாடியில் வாசல் இல்லையே என்பீர்கள். நடைவழித் தரையில் தண்ணீரில் தோய்த்த தூரிகையால் வரையலாம். வெயில் அழித்துவிடும், நிர்வாகமும் கடிதம் எழுதாது. நம் சிறு வயதில் ஐந்து கல் ஆடினோம். மலாய் நண்பர்கள் அதைப் பத்து செரம்பான் என்றனர். எறிந்த கல்லைக் கண் பற்ற, அதற்குள் கை தரையிலுள்ளதை அள்ளியது. அதைப் பாடம் என்று அன்று எவரும் சொல்லவில்லை.

கைப்பேசித் திரையிலும் விரலால் எழுதலாமே என்று ஓர் அன்பர் கேட்டார். கண்ணாடியின் மேல் விரல் வழுக்கிச் செல்கிறது. அரிசியும் மணலும் விரலை எதிர்த்து நிற்கின்றன. அந்த எதிர்ப்பின் வாயிலாகவே கை வடிவத்தை உணர்கிறது. ஐந்து வயதிற்குட்பட்டோர் குறித்து உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டி, இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைகள் அமர்ந்தபடி திரை பார்ப்பது நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படலாகாது என்றும், அதனினும் குறைவு நன்று என்றும் கூறுகிறது. ஒரு வயதிற்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்பது அதன் பரிந்துரை.

எழுதத் தொடங்கியபின் வரும் ஒரு தடுமாற்றத்தையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். 'கெ' என்று ஒலிக்கும்போது ககரம் முன்னும் எகரம் பின்னும் கேட்கின்றன. எழுதும்போதோ கொம்பு முன்னே நிற்கிறது. 'கொ' என்பதில் ஓர் உயிர் இரண்டாகப் பிரிந்து மெய்க்கு இருபுறமும் நிற்கிறது. காது சொல்லும் வரிசையும் கண் காணும் வரிசையும் இங்கே வேறுபடுகின்றன. கொம்பைப் பின்னே எழுதும் பிள்ளை காது சொன்னபடி எழுதியிருக்கிறது. "கவனமில்லை" என்று தலையில் குட்டாதீர்கள். தாத்தா பாட்டி எழுதும் 'லை', 'னா' ஆகியவற்றின் வடிவமும் பள்ளியில் காணும் வடிவமும் வேறாக இருக்கலாம். தமிழக அரசு 1978இல் ஆணையிட்ட எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தைய வடிவம் அது. இரண்டும் ஒன்றே என்று ஒருமுறை சொல்லிவிட்டால் குழந்தை புரிந்துகொள்ளும்.

இடக்கை பற்றிப் பேசாமல் முடிக்க மனம் வரவில்லை. பத்துப் பேரில் ஏறத்தாழ ஒருவர் இடக்கை வழக்கம் உடையவர். ஆலயத்தில் பிரசாதத்தை வலக்கையால் பெறுவது நம் ஒழுகலாறு. அதைப் பழக்குவதில் தவறில்லை. எழுதும் கையை மாற்றுவது அவ்வாறன்று. இடக்கையில் பென்சிலைப் பிடித்த குழந்தையின் புறங்கையில் அடிக்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அடி வாங்கிய அக்கை எழுத்தையே வெறுக்கும். விசயதசமியன்று குருக்கள் வலச்சுட்டுவிரலைப் பிடித்து எழுதுவிப்பார்; அது அன்றைய சடங்கு. அதற்குப் பின்னர் குழந்தை எக்கையை விரும்புகிறதோ அக்கையே அதன் எழுதுகை. இது குறித்துப் பெரியவர்கள் யாரேனும் வருந்தினால் என்னிடம் அனுப்புங்கள், பேசிப் பார்க்கிறேன்.

இவ்வளவும் செய்தும் ஒலிகளைப் பிரித்தறியவோ கோட்டைப் பார்த்து வரையவோ ஐந்து வயதிலும் இயலவில்லை எனில், முதலில் செவியையும் கண்ணையும் மருத்துவரிடம் காட்டுங்கள். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைக்குக் காதினுள் நீர் தங்கி, கேட்கும் திறன் குறைந்திருக்கக்கூடும். சோம்பேறி என்று பெயர் சூட்டுவதற்கு முன் அரசாங்க மருந்தகத்திற்கு ஒரு நடை சென்று வருவது பெரிய செலவன்று.

விசயதசமி நிகழ்ச்சி பற்றிய சில அறிவிப்புகளை நிர்வாகத்தின் சார்பில் தெரிவிக்கிறேன். பெற்றோர் விளிம்புள்ள ஒரு தட்டைக் கொண்டு வாருங்கள். குழந்தை எழுதிய அரிசியை அத்தட்டிலேயே திருப்பித் தருவோம். வீட்டிற்குச் சென்றதும் சமைத்துவிடாமல் ஒரு டப்பாவில் வைத்து, நாள்தோறும் பத்து நிமிடம் குழந்தையோடு அமருங்கள். எழுதுங்கள், அழியுங்கள், மீண்டும் எழுதுங்கள். எழுதும்போது எழுத்தின் ஒலியை வாய்விட்டுச் சொல்லுங்கள். பயிற்சி நூல் வாங்கிவிட்டவர்கள் அதை அடுத்த ஆண்டுக்கு எடுத்து வையுங்கள், கெட்டுப்போகாது. மகளிர் பகுதித் தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள்: வெள்ளிக்கிழமைகளில் நீங்கள் மாலை கட்டும் இடத்தில் சிறு பிள்ளைகளுக்கும் ஒரு பாய் விரித்து, பூவையும் கதையையும் சேர்த்துத் தாருங்கள். தை மாதம் முதல் ஞாயிறு வகுப்பின் முதல் அரைமணி நேரம் ஐந்து வயதிற்குட்பட்டோருக்கு ஒதுக்கப்படும். பெற்றோரில் ஒருவர் உடன் அமர வேண்டும். பெயர்ப் பட்டியல் அலுவலக மேசையில் உள்ளது. தட்டு இல்லாதவர்களும் தயங்காமல் வாருங்கள், ஆலயத்தில் வாழையிலை இருக்கிறது.